அண்ணி வாங்காத எழுபதாயிரம்

தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்வார்கள். அவள் கண்ணாடி போட்டவள் இல்லை. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவள். அலமாரி, வெளிச்சம், ஏசி எல்லாம் முன்னால் வருகிறவர்களுக்கு. பின்னால் ஒரு தேய்க்கும் மெஷின், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு ஸ்டூல், இவள். வட்டமாக வருகிற லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்து, ஓரத்தை மழுக்கி, மாட்டித் திருகி முன்னால் அனுப்ப வேண்டும். ஒரு நூல் அதிகமாகத் தேய்த்துவிட்டால் லென்ஸ் குப்பைக்கு, காசு சம்பளத்திலிருந்து. எட்டு வருஷத்தில் அப்படிப் போனவை மொத்தம் பதினொன்று. பதினொன்றையும் மாதத்தோடு சொல்வாள்.

கட்டிக்கொண்டவன் நேர்மாறு. லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி, பன்னிரண்டு மாடிக் கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்டை ஓட்டிக் கொடுத்துவிட்டு, லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வீட்டுக்கு வருகிறவன். கைவேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அந்தக் கையில் காசு நின்று யாரும் பார்த்ததில்லை.

கல்யாணமான புதிதில் இந்த மனுஷன், "ஒரு தடவைதானே வாங்கப்போறோம், நல்லதா வாங்கிடுவோம்" என்றான். லென்ஸ் லென்ஸாகக் கணக்கு வைக்கிற இவளும், என்ன மயக்கமோ, தலையை ஆட்டினாள். கட்டில், சோபா, ஃப்ரிட்ஜ், டிவி, துணி துவைக்கும் மெஷின், எல்லாம் தவணையில் படியேறி வந்தன. வந்த சாமானில் முழுக் காசு கொடுத்து வாங்கியது துடைப்பம் ஒன்றுதான். வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்குக் கேட்ட முன்பணம் மட்டும் தவணையில் கிடைக்காதே? அந்த எழுபதாயிரத்தை அவனுடைய அக்கா, இவளுக்கு அண்ணி, கொடுத்தாள்.

அக்கா அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். தனி ஆள். ஒரு துணிக்கடையின் வாசலோரத்தில் தையல் மெஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிரித்துத் தைப்பது என்று நாள் முழுக்கக் குனிந்திருப்பவள். எண்ணிப் பேசுவாள். எழுபதாயிரத்தை ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "உறையைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மூன்றாவது மாதமே கடன் கையைக் கடித்தது. கண்ணாடிக்காரி ஒரு தாளில் கடன்களை வரிசையாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் மேலே. முதலிடம் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு. ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு அங்கிருந்து ஒரு பெண் போன் செய்வாள். ஒரு மாதம் அவளுக்குச் சளி, ஒரு மாதம் தொண்டைக்கட்டு. இவள் வெந்நீர் குடிக்கச் சொல்வாள், அவள் தவணையைக் கட்டச் சொல்வாள். இரண்டாமிடம் சோபாக் கடைக்கு. மூன்றாவது, கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரர். பாக்கி வராமல் ஆல்பத்தைக் கொடுக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டார். நல்ல மனுஷர், "எப்ப வேணும்னாலும் கடைக்கு வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். அவர்களும் வெட்கப்படாமல் போனார்கள். செலவில்லாத பொழுதுபோக்கு வேறு என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தே ஸ்டுடியோவுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, தங்கள் கல்யாணத்தைத் தாங்களே புரட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். கடைசியில் பாக்கி தீர்ந்து ஆல்பம் வீட்டுக்கு வந்த அன்று இரண்டு பேருக்கும் அதைத் திறக்கவே தோன்றவில்லை. அத்தனையும் மனப்பாடம்.

அண்ணியின் பெயர் தாளில் கடைசி வரி. சத்தமே போடாதவள்.

அந்த இரண்டு வருஷத்தைக் கஷ்டகாலம் என்று சொன்னால் கண்ணாடிக்காரி சண்டைக்கு வருவாள். வெளியில் டீ குடிப்பதை நிறுத்தினார்கள். ஃப்ளாஸ்கில் போட்டுக்கொண்டு போனார்கள், அந்த டீயே நன்றாக இருந்தது. அவன் லீவு நாளில் மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்த்தான். அவள் உடைந்த ஃப்ரேம்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டினாள். ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை செய்துகொண்டே முதலாளிகளைத் திட்டுவார்கள். ஃபைனான்ஸ் பெண் கடைசித் தவணை அன்று, "இனிமே கூப்பிட மாட்டேன் மேடம்" என்றபோது இவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தாளில் ஒவ்வொரு வரியாக அடிபட்டு, கடைசி வரி மட்டும் மிஞ்சியது.

அப்போதுதான் அது காதில் விழுந்தது. அண்ணியிடம் தைக்கக் கொடுத்திருந்த கணவனின் பேன்டை வாங்கி வரத் துணிக்கடைக்குப் போயிருந்தாள். வாசல் தூணுக்கு அந்தப் பக்கம் அண்ணி யாரோ வாடிக்கைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்குக் குடுத்தீங்களே, அது வந்துச்சா?"

"அது எங்க வரப்போகுது. நான் அதை அன்னைக்கே மறந்துட்டேன். சின்னஞ்சிறுசுங்க, எங்க போகும்? நல்லா இருந்தா சரி."

குரலில் துளி குத்தல் இல்லை. அத்தனையும் பாசம். கண்ணாடிக்காரி பேன்டை வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

"அக்கா பெருந்தன்மையா சொல்லியிருக்கு. இதுல என்ன கோவம்?" என்றான் கணவன்.

"பெருந்தன்மையா? நம்மளைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. உங்களை ஆறு வயசுப் பையனாவே நினைச்சுட்டு இருக்காங்க. என்னை அந்தப் பையன் கூட்டிட்டு வந்த இன்னொரு குழந்தைன்னு."

"அக்காதானே?"

"அக்காங்கறதாலதான் வலிக்குது. சோபாக்காரன் சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன்."

அடுத்த மாதமே பத்தாயிரத்தோடு போனார்கள். அண்ணி அதை அப்படியே தம்பியின் சட்டைப் பையில் திணித்து, "நல்ல செருப்பா வாங்கு, தேஞ்சு போயிருக்கு" என்றாள். அவன் அசடு வழிந்துகொண்டே நின்றான். உண்மையில் செருப்பு தேய்ந்துதான் போயிருந்தது. முப்பதாயிரம் சேர்ந்ததும் மறுபடி போனார்கள். "நாளைக்கு ஒரு குழந்தைன்னு வரும். பேங்க்ல போட்டு வைங்க" என்று டீ போட எழுந்துவிட்டாள். எத்தனை சொல்லியும் பிடிகொடுக்கவில்லை. படியிறங்கும்போது அவனுக்கு உள்ளுக்குள் நிம்மதி என்பது முகத்தில் தெரிந்தது. கண்ணாடிக்காரி அன்று முழுக்க அவனிடம் பேசவில்லை.

முழுத் தொகையாகக் கொண்டுபோய் வைத்தால் தள்ள முடியாது என்று முடிவுக்கு வந்தாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இன்னும் ஒரு வருஷம். எழுபதாயிரம் சேர்ந்தது. சேர்ந்த பிறகுதான் பயமே பிடித்தது. இதையும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டால்? பிறகு கொடுக்க ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்க அண்ணிக்கு முன்னால் சின்னஞ்சிறுசாகவே நிற்க வேண்டியதுதான். நாடி பார்த்து வரலாம் என்று ஒரு மத்தியானம் தனியாகத் துணிக்கடைக்குப் போனாள்.

அண்ணி மூக்கில் ஒரு கண்ணாடி இருந்தது.

"இது எப்பலேர்ந்து?"

"ஆறு மாசமாச்சு. ஊசியில நூல் கோக்க முடியல. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல விரிச்சு வச்சு விக்கிறான். போட்டுப் பாத்தேன், தெரிஞ்சுது, வாங்கிட்டேன்."

கண்ணாடிக்காரி அதைக் கழற்றி வாங்கினாள். சுவரில் தொங்கிய காலண்டரின் கோட்டுக்கு நேரே பிடித்து மேலும் கீழும் அசைத்தாள். கண்ணாடிக்குள் கோடு எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை வைத்துப் பவரைச் சொல்லிவிடுவாள். இரண்டு பக்கமும் ஒரே பவர். அண்ணியின் கண் இரண்டும் ஒரே மாதிரி இருக்குமா, யாரைக் கேட்டான் அந்த நடைபாதைக்காரன்? போதாததற்கு ஒரு லென்ஸின் மையம் மூக்குப் பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது.

"தலை வலிக்குமே அண்ணி."

"சாயங்காலமானா வலிக்கும். வேலைன்னா வலிக்காதா?"

"இதே தெருவுல நான் எட்டு வருஷமா லென்ஸ் தேய்ச்சுட்டு உக்காந்திருக்கேன். ஒரு எட்டு வரத் தோணலையா?"

"தோணாம என்ன. வந்தா நீ காசு வாங்க மாட்டே. நீங்களே இப்பதான் தலையைத் தூக்கறீங்க. உன் சம்பளத்துல கை வைக்கச் சொல்றியா? எனக்கு ஓசியில வாங்கிப் பழக்கம் இல்லம்மா."

கண்ணாடிக்காரி கண்ணாடியை மடித்து மெஷின் மேல் வைத்தாள்.

"எனக்கும் இல்ல அண்ணி."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். இவள் விடவில்லை.

"அந்தப் பணத்தை அன்னைக்கே மறந்துட்டேன்னு இங்க நீங்க சொன்னதைக் கேட்டேன். தூணுக்குப் பின்னாலதான் நின்னேன்."

"பாசத்துல சொன்னதும்மா அது."

"தெரியும். அதனாலதான் யார்கிட்டயும் சொல்லி அழக்கூட முடியல."

அண்ணி துணியில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். கண்ணாடிக்காரி சொன்னாள்: "நீங்க கடைக்கு வாங்க. முழு விலை. ஒரு காசு குறைக்க மாட்டேன். அதுக்கப்புறம் நாங்க கொண்டுட்டு வர்றதை நீங்க வாங்கணும்."

"அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"பாக்கலாம்" என்றாள் அண்ணி. அவள் பாக்கலாம் என்றால் சரி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது, இல்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் வந்தாள். அந்த வாரமே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கண் பரிசோதனைச் சீட்டோடு வந்தாள். இரண்டு கண்ணுக்கும் இரண்டு பவர், கண்ணாடிக்காரி நினைத்ததுபோலவே. ஃப்ரேம் பார்க்கும்போது கடைக்காரரிடம் அரை மணி நேரம் பேரம் பேசினாள். "வீட்டு ஆளுதானே, பத்து சதவீதம் கழிச்சுக்கலாம்" என்று முதலாளி வாயெடுத்ததும் பின்னறையிலிருந்து கண்ணாடிக்காரி ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். பன்னிரண்டாவதாகப் போய்விடுமோ என்று அந்த லென்ஸ்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். போகவில்லை. அண்ணி போட்டுப் பார்த்து, தன் சேலையின் கரையைக் கண்ணருகே தூக்கி, "இதுல ரெண்டு நூல் பிரிஞ்சிருக்கு, இத்தனை நாள் தெரியல" என்று மட்டும் சொன்னாள். காசைக் கொடுத்துவிட்டு மீதிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் அண்ணி வீட்டுக்குப் போனார்கள். பணம் ஒரு காகித உறையில், கணவனிடம். வழியில் அவன் கடையில் நின்று ஆப்பிள் வாங்கினான். பஸ்ஸில் கண்ணாடிக்காரி, அண்ணி மறுத்தால் என்ன சொல்வது என்று நாலைந்து விதமாக ஒத்திகை பார்த்து, ஒன்றும் சரிப்படாமல் விட்டுவிட்டாள்.

அண்ணி கதவைத் திறந்தாள். ஆப்பிளை வாங்கி வைத்தாள். கணவன் உறையை நீட்டினான். அண்ணி அதைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பிறகு கொஞ்ச நேரம் இவளைப் பார்த்தாள். உறையை வாங்கிக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை எச்சில் தொட்டு, நோட்டு நோட்டாக எண்ண ஆரம்பித்தாள். ஒரு தரம் எண்ணி முடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் எண்ணினாள்.

"ஐநூறு குறையுது" என்றாள்.

கண்ணாடிக்காரி கணவன் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆப்பிள் வாங்கினேன் அக்கா. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு..."

"என் காசுல எனக்கே ஆப்பிளா?" அண்ணி சிரிக்கவில்லை. இவள் பக்கம் கையை நீட்டினாள். "ஐநூறு குடும்மா."

இது அண்ணிதானா? சின்னஞ்சிறுசுகளிடம் ஐநூறுக்குக் கை நீட்டுகிறாளா? கண்ணாடிக்காரி தன் பைக்குள் துழாவினாள். அவசரத்தில் சில்லறையெல்லாம் தரையில் சிதறியது. ஐநூறு நோட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அண்ணி அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, மற்றவற்றோடு சேர்த்து ரப்பர் போட்டாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

கண்ணாடிக்காரி குனிந்து சில்லறை பொறுக்கினாள். நிமிரவே மனசில்லை. கண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது, சந்தோஷத்தில் அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.