நேர்க்கோட்டில் பழிவாங்கப் போனேன்

நேராகப் போவதற்கு என்ன பெரிய திறமை வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். முழங்கால் தரையில் உரச உரச வளைவுகளில் பைக் பந்தயம் ஓட்டியே நரைத்தவன் நான். வளைவே இல்லாத வேகப் பந்தயமா? ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடலாம் என்று வீட்டில் அளந்துவிட்டேன்.

"தூங்குங்க. எழுந்திரிக்க மட்டும் மறந்துடாதீங்க," என்றாள் மனைவி.

என்னை அங்கே இழுத்தது வேகமல்ல, வன்மம். கெலாங் பாத்தா ஊர்க்காரன் ஒருவன் இருக்கிறான். என் கடைசிப் பந்தயத்தின் கடைசி வளைவில் உள்பக்கமாகப் புகுந்து, என்னை இடித்து மண்ணில் உருட்டிவிட்டுக் கோப்பையைத் தூக்கியவன். தோள் எலும்பு கூடிவிட்டது, வயிற்றெரிச்சல்தான் ஆறவில்லை. அவனோ தொப்பை வளர்த்து, நேர்க்கோட்டு ஓட்டத்துக்கு மாறி, அதிலும் முதலிடத்தில் இருந்தான். பெர்மாஸ் ஜெயாவில் நான் வழக்கமாக உட்காரும் கடைக்கே வந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

"வளைவுல படுத்துப் பழகுனவனுக்கு நேர் ரோட்டுல வேலை இல்ல லா. பயந்துருவான்."

"உன் வேகத்த ஒடச்சிக் காட்டறேன்டா."

"வா மச்சான். வரும்போது மாத்திப் போட ஒரு சிலுவார் எடுத்துட்டு வா. போட்டிருக்கறது நனைஞ்சிரும்."

கடையே சிரித்தது. தேத்தண்ணீர் ஊற்றுகிறவர்கூடச் சிரித்தார். அவரையும் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

கோத்தா திங்கிப் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றில் ஓட்டம். ஒவ்வொருவராக ஓட்டி, யார் வேகம் அதிகம் என்று பார்ப்பார்கள். ஏற்பாட்டாளர் எல்லோரையும் நிற்கவைத்து விதிகளை விளக்கினார். நான் அந்த நேரம் முழுவதும் கெலாங் பாத்தாக்காரனின் பிடரியை முறைத்துக்கொண்டிருந்தேன்.

கொடி விழுந்தது. கிளம்பினேன். கியர் ஏற ஏறக் காற்று என் தலையைப் பிடுங்கப் பார்த்தது. கைப்பிடி நடுங்கத் தொடங்கியது. வளைவில் பயம் வந்தால் செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கும். இங்கே பயத்தோடு பைக்மேல் சும்மா படுத்திருக்க வேண்டும். சாமியைக் கூப்பிடலாம் என்றால் ஒரு சாமி பெயரும் ஞாபகம் வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அப்போது ஓரத்தில் ஒரு மஞ்சள் பலகை தெரிந்தது. பந்தயத் தடத்தில் பலகையைக் கண்டால் பிரேக் பிடிக்கும் இடம் என்று அர்த்தம். உடம்பு என்னைக் கேட்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன், கையைத் தளர்த்தினேன், அழகாகப் பிரேக் பிடித்தேன்.

திரும்பி வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"அலமாக்! டேய், அங்கதான்டா வேகத்தையே அளக்க ஆரம்பிக்கிறாங்க! ரெண்டாவது பலகை வரைக்கும் விடாம புடிக்கணும். என்ன, எதிர்ல வளைவு வரும்னு பாத்தியா?"

அன்று ஓடியவர்களிலேயே குறைந்த வேகம் என்னுடையது. ஆளுக்கு இன்னொரு ஓட்டம் பாக்கி இருந்தது. அவன் தன்னுடையதை முடித்து, வேகத்தை முன்னைவிடக் கூட்டிவிட்டு வந்து, என் தோளைத் தட்டினான். எலும்பு உடைந்த அதே தோள்.

மறுபடி கிளம்பினேன். முதல் பலகை வந்தது, போனது. பைக் பாம்புபோல நெளிந்தது. இரண்டாவது பலகையும் போனது. ஓடுதளம் முடிந்து, புல்லுக்குள் வெகுதூரம் போய்த்தான் நின்றேன்.

என் வேகம் அவனுடையதைத் தாண்டியிருந்தது. ஓடிவந்தான், முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த முகத்தை இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சாப்பிடுகிறேன்.

"எப்படிடா கடைசி வரைக்கும் கைய விடாம இருந்த?"

"தில்லு வேணும் லா," என்றேன்.

கடையிலும் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். நடந்தது வேறு. முதல் பலகையைத் தாண்டியதுமே விட்டுவிடத்தான் பார்த்தேன். பயத்தில் விரல்கள் இறுகிவிட்டன. புல்லில் இறங்கிக் குலுங்கும் வரை கையைத் திறக்க முடியவில்லை.