பனிக்கரடியும் நர்சரி வண்டியும்

ஸ்ரீரங்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். வீடு உறையூரில். தினமும் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். சென்ற ஆண்டு பள்ளி திறந்த புதிதில், ஒரு நாள் காலை பஸ் பாலத்தின் மேல் நெரிசலில் நின்றிருந்தபோது, பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் தலைமை ஆசிரியை ஒரு லிங்க் அனுப்பினார். காலநிலை மாற்றம் பற்றிச் சிறுபிள்ளைகளுக்கான ஆன்லைன் பாடம். எல்லா வகுப்பும் கட்டாயம் முடிக்க வேண்டும், போட்டோ ஏற்ற வேண்டும் என்று கீழே எழுதியிருந்தார்.

எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வகுப்பு மாடியில், தகர ஷீட் போட்ட அறை. முற்பகல் முடிவதற்குள் உச்சந்தலையில் இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் சட்டைக்குள் ஊதிக்கொண்டே கணக்குப் போடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் கொள்ளிடக் கரையை ஒட்டிய தெருக்களிலிருந்து வருபவர்கள். ஆற்றில் தண்ணீர் மிதமிஞ்சித் திறந்துவிட்ட சமயத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்தில் படுத்துத் தூங்கியவர்கள். வெயிலும் வெள்ளமும் அவர்களுக்குப் புதிதல்ல. ஏன் இப்படி ஆகிறது என்று மட்டும் யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொன்னதில்லை. நல்ல படங்களோடு யாராவது சொல்லித் தரமாட்டார்களா என்று நானே தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்மார்ட் போர்டு கீழ்த்தளத்தில், தலைமை ஆசிரியையின் அறைக்கு அடுத்த அறையில் இருந்தது. எப்போதும் துணி போர்த்திப் பூட்டியிருக்கும். சாவி வாங்கி, பிள்ளைகளை வரிசையாக இறக்கிக் கூட்டிப்போய்த் தரையில் உட்காரவைத்தேன். அந்த அறையில் ஃபேன் வேகமாகச் சுற்றியது. அதற்கே பல முகங்கள் மலர்ந்தன.

வீடியோ ஓடத் தொடங்கியது. கண் கூசும் வெள்ளையில் பனி. உடைந்து மிதக்கும் ஒரு பனிப்பாளத்தின் மேல் கரடி ஒன்று தனியாக நின்றது. பின்னால் வயலின் அழுதது. பிறகு ஒரு குரல் தமிழ் பேசியது. மனிதக் குரல் இல்லை. "நமது கோள் காய்ச்சலில் உள்ளது, குட்டி நாயகர்களே" என்றது. யாரோ எங்கோ வேறு மொழியில் எழுதியதை இயந்திரத்தில் போட்டுப் பிழிந்தெடுத்த தமிழ். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்து வந்த அறிவுரைகளைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏசியை அதிகம் குளிர வைக்காதீர்கள். அப்பாவிடம் காரை வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் விடச் சொல்லுங்கள். தொட்டியில் குளிப்பதற்குப் பதில் ஷவரில் குளியுங்கள். விமானப் பயணங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கவனமாகக் கேட்டார்கள். தங்களால் செய்ய முடிந்தது ஏதாவது வருமா என்று பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி. அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ரெட்டைப் பின்னலில் சிவப்பு ரிப்பன் கட்டி வருவாள். வீடியோ முடிந்ததும் கை தூக்கினாள்.

"மிஸ், இதுல நாங்க எதைக் குறைக்கறது?"

"வீட்ல ஃபேன் இருக்குல்ல, வேண்டாதப்ப நிறுத்தலாம்" என்றேன்.

"வேண்டாதப்பன்னா எப்ப மிஸ்? எப்பவும் வேர்க்குதே."

யாரும் சிரிக்கவில்லை. அவள் குறும்பாகக் கேட்கவில்லை, பதில் வேண்டித்தான் கேட்டாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து, பூமி சூடாவதற்கு நீங்களும் காரணம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது அந்தக் குரல்.

தொடர்ந்து வினாடி வினா. பனிக்கரடி எதைத் தின்னும், எங்கே தூங்கும். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார்கள். திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் சிதறி, நீங்கள் பூமியின் காவலர்கள் என்று எழுத்து ஓடியது. கொள்ளிடம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாடத்தின் அடுத்த பகுதி மரம் நடுவது. ஆளுக்கு ஒரு கன்று நட்டு, படம் எடுத்து ஏற்ற வேண்டும். எங்கள் பள்ளி முற்றத்தில் சுவர் விளிம்புவரை சிமெண்ட் போட்டாயிற்று. தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டேன்.

"மேடம், செடியை எங்க நடறது? மண்ணே இல்லையே."

"அதெல்லாம் பாத்துக்கலாம் டீச்சர். பிள்ளைங்களை மட்டும் சுத்தமா யூனிஃபார்ம்ல கூட்டிட்டு வாங்க."

மரம் நடும் விழா நாளன்று வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்று அந்த பிளாஸ்டிக் துணியிலேயே அச்சடித்திருந்தார்கள். விருந்தினராக வந்த பெரியவர்களுக்கு பாலிதீன் சுற்றிய பூங்கொத்தும் குட்டித் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள்.

நர்சரி வண்டியிலிருந்து வேம்பு, புங்கன், நாவல் கன்றுகள் இறங்கின. ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தபோது அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். கறுப்புப் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டார்கள். ஒருத்தன் தெருக் குழாயடியில் வைப்பேன் என்றான். இன்னொருத்தி மாடு கடிக்காமல் இருக்க அப்பாவிடம் முள்வேலி கேட்கப்போவதாகச் சொன்னாள். ஆட்டோக்காரர் மகள் ஒரு பின்னலில் இருந்த ரிப்பனை அவிழ்த்துத் தன் நாவல் கன்றின் தண்டில் முடிச்சுப் போட்டாள்.

"மாறிடக் கூடாதுல்ல மிஸ்."

படம் எடுத்தார்கள். வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல் ஒரு படம், சும்மா நின்று சிரிப்பதுபோல் ஒரு படம். பெரியவர்கள் காரில் ஏறிப் போனதும் நர்சரி ஆள் வண்டியின் பின்கதவைத் திறந்து, பிள்ளைகள் கையிலிருந்து கன்றுகளை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் திருப்பிக் கொடுத்தார்கள். பெரியவர்கள் கேட்டால் கொடுத்துத்தானே பழக்கம்.

"மிஸ், எங்க கொண்டு போறாங்க?" என்று ரிப்பன்காரி கேட்டாள்.

மண் தயாராகும்வரை நர்சரியில் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படியே சொன்னேன். நம்பிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்.

அடுத்த வாரம், பாடத்தின் இணையதளத்தில் எங்கள் படம் வந்துவிட்டது என்று தெரிந்ததும், பிள்ளைகளுக்குக் காட்ட மறுபடி ஸ்மார்ட் போர்டு அறைக்குக் கூட்டிப்போனேன். தங்கள் முகங்களைக் கண்டுபிடித்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு மகிழ்ந்தார்கள். "வேற ஸ்கூல் காட்டுங்க மிஸ்" என்றார்கள். அடுத்த படத்துக்குத் தள்ளினேன். வேறொரு பள்ளி, வேறு நிறச் சீருடை, வேறு பேனர். வரிசையில் நின்ற ஒரு பையன் கையில் நாவல் கன்று. தண்டில் சிவப்பு ரிப்பன்.

"மிஸ், அது என் செடி" என்றாள் ரிப்பன்காரி.

ஒவ்வொருவராக எழுந்துபோய்த் திரையைத் தொட்டுக் காட்டினார்கள். இலை கிழிந்தது இவனுடையது, பை ஓட்டையானது அவளுடையது. மிச்சத்தை நான் காட்டவில்லை. அணைத்துவிட்டேன். சாக்கடையில் செருப்பில்லாமல் கால் வைத்தால் உடம்பு முழுவதும் ஒரு கூச்சம் ஓடுமே, அப்படி இருந்தது எனக்கு.

பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டுத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். சொன்னேன். அவருக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை.

"எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான் டீச்சர். அதே வண்டிதான் ரவுண்டு போகுது."

"பிள்ளைங்க பாத்துட்டாங்க மேடம்."

"நீங்க ஏன் காட்டினீங்க?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நானும் உங்களை மாதிரி வகுப்பு எடுத்துட்டு வந்தவதான். படம் ஏறலைன்னா நம்ம ஸ்கூல் பேரு லிஸ்ட்ல சிவப்பா நிக்கும். மேலிடத்துல இருந்து தினம் போன் போட்டுக் கேப்பாங்க. நான் என்ன செய்ய?"

"செடியை விலைக்கு வாங்கிப் பிள்ளைங்க கையிலயே கொடுத்திருக்கலாமே."

"எங்க நடறது? மண்ணே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க."

வெளியே வந்தேன். கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் வந்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன். இது குமட்டல். அந்த அம்மாள்மேல், அந்தக் கரடிமேல், சிரித்துக்கொண்டு நின்ற பெரியவர்கள்மேல், எல்லாவற்றின்மேலும். மதியச் சாப்பாட்டைப் பிரிக்கவே மனமில்லை.

ரிப்பன்காரிக்குப் புது ரிப்பன் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் மிஸ். அம்மா திட்டி முடிச்சிட்டாங்க" என்றாள்.

இணையதளத்தில், கேள்வி கேளுங்கள் என்று ஒரு பெட்டி இருப்பதைப் பிள்ளைகள் நினைவு வைத்திருந்தார்கள். கேட்டே ஆக வேண்டும் என்றார்கள். என் போனில் அவர்கள் சொல்லச்சொல்ல டைப் செய்தேன். எங்கள் செடிகள் இப்போது எந்தப் பள்ளியில் இருக்கின்றன? கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. அருமையான கேள்வி, நீ ஒரு பசுமை நட்சத்திரம் என்று ஒரு மஞ்சள் நட்சத்திரம் மின்னியது. எங்கள் வகுப்பு ரொம்பச் சுடுகிறது, என்ன செய்வது என்று இன்னொரு கேள்வி. அதற்கும் அதே நட்சத்திரம். மூன்றாவதாக ஒருத்தன் தன் பெயரை மட்டும் போடச் சொன்னான். அதற்கும் நட்சத்திரம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் போனைப் பைக்குள் போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மெயின்கார்டு கேட் கடைத்தெருப் பக்கம் போனபோது சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். போனில் வானிலைப் பக்கம் திருச்சிக்கு என்ன வெப்பம் சொல்கிறது, நம் வகுப்பில் என்ன இருக்கிறது என்று தினமும் மதியம் பார்த்தோம். எல்லா நாளும் எங்கள் அறை போனைத் தோற்கடித்தது.

"திருச்சி சூட்டை எங்க மிஸ் அளக்கறாங்க?"

"ஏர்போர்ட்ல."

"நாம அங்க போய்ப் படிக்கலாமா?"

பிறகு கீழே தாழ்வாரத்தில் வைத்துப் பார்த்தோம். எதிர்வீட்டுப் புங்கமரத்தடியில் அனுமதி கேட்டு வைத்துப் பார்த்தோம். ஒரே தெருவுக்குள் அவ்வளவு வித்தியாசம். இணையத்தில் பல வருட வெப்பநிலையைக் கோடாகப் போட்ட படம் ஒன்று கிடைத்தது. வயலின் இல்லை, கரடி இல்லை. கோடு மேலே ஏறிக்கொண்டு போவதை அவர்களே விரலால் தொட்டுப் பார்த்தார்கள். கரியும் பெட்ரோலும் எரிக்கும் புகை, ஊரை மூடிய கம்பளி மாதிரி வானத்தில் தங்கிவிடுகிறது என்றேன். நம் அறைக்கு ஷீட் எப்படியோ, பூமிக்கு அது அப்படி என்று ஒருத்தன் தானாகவே சொன்னான். அது சரியான உவமையா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ஆனால் அன்று எல்லாருக்கும் புரிந்தது. மதியத்துக்கு மேல் வகுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றிக்கொண்டேன். தலைமை ஆசிரியை பார்த்தும் தடுக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சான்றிதழ்கள் வந்தன. வழவழப்பான கெட்டித் தாள், பச்சை ஓரம், மூலையில் கரடி. பாதிப் பெயர்களில் எழுத்துப் பிழை. பிள்ளைகள் வாங்கிக்கொண்டு முன்பக்கத்தை ஒரு தரம் பார்த்தார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததுதான் அவர்களுக்குப் பிடித்தது. அவ்வளவு நல்ல தாள் அவர்களுக்கு எப்போது கிடைக்கிறது? தாங்கள் அளந்த வெப்பத்தை அதில் கலர் பென்சிலால் கோடாக வரையலாமா என்று கேட்டார்கள். வரைந்தார்கள். தாழ்வாரத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். சிவப்புக் கோடு எங்கள் அறை, பச்சைக் கோடு புங்கமரம். போகிற வருகிற பெற்றோர் நின்று பார்த்தார்கள்.

ஜனவரியில் மேலதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே நுழைந்தபோது தாழ்வாரத்துச் சுவர் முழுவதும் கரடிகள். எல்லாத் தாளையும் திருப்பி ஒட்டிவிட்டிருந்தார்கள். சான்றிதழ் வெளியே, பிள்ளைகள் வரைந்தது சுவர்ப்பக்கம். வந்தவர் அவற்றின் முன்னால் நின்று, பசுமைப் பள்ளி என்று பாராட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார். நான் வகுப்பை விட்டு வெளியே வரவில்லை. வந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் பிள்ளைகள் தாங்களே தாள்களைக் கிழித்தெடுத்துத் திருப்பி ஒட்டினார்கள். செலோ டேப்போடு, அதிகாரி வருகைக்காகச் சுவருக்கு அடித்திருந்த புதுப் பெயின்ட்டும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. பெயின்ட் உரிந்ததற்கு என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை.