மூன்று நாள் ஊசி போடாமல்

என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே இரத்தம் எளிதில் உறையாது. பக்டர் என்று நாங்கள் சொல்லும் மருந்தை நாளத்தில் ஏற்றினால்தான் கசிவு நிற்கும். இந்த வருடம் அதற்கும் நிற்கவில்லை. முழங்கால் வீங்கியபடியே இருந்தது. மருந்தை அழிக்கும் பிறபொருளெதிரி உடம்பில் உண்டாகியிருக்கலாம் என்றார் டொக்டர். அப்படியென்றால் வேறு மருந்து. அது உண்டா என்று தெரியாமல் முழங்காலில் கத்தி வைக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

வெள்ளவத்தையில் ஒரு லாபுக்குப் போனோம். பில்லை வாங்கியதும் வாசித்தேன். பத்திரிகையில் பிழை திருத்தி வந்த பழக்கம். அதில் இருந்தது பக்டரின் அளவைப் பார்க்கும் சோதனை. டொக்டர் எழுதித் தந்த துண்டில் இருந்தது பிறபொருளெதிரிச் சோதனை.

"ரெண்டும் ஒண்டுதானே மிஸ்," என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை.

"ஒண்டெண்டால் ஏன் ரெண்டு பேர்? துண்டில உள்ள பேர் இருந்தால்தான் தம்பியின்ட ஒஃபிஸ் சோதனைச் சல்லியைத் திருப்பித் தரும். மாத்துங்கோ."

அவள் உள்ளே கேட்க, இரத்தம் எடுப்பவரே வெளியே வந்தார். பில்லைப் பார்த்து, "மிஸ் சொல்றது சரி," என்றார். பிறகு தம்பியிடம், "கடைசியா எப்ப பக்டர் போட்டது?"

"இண்டைக்குக் காலமை."

"ஆர் போடச் சொன்னது?"

தம்பி என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டில் போடு என்று ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. பல்லுக் காட்டப் போனாலும் முதலில் பக்டர். அன்று தூளைக் கரைத்து ஊசியில் எடுத்துக் கொடுத்தது நான்.

"மருந்து இரத்தத்தில நிக்கேக்க சோதிச்சால் முடிவு பிழைக்கும். டொக்டரிட்டக் கேட்டு, மூண்டு நாள் போடாம வாங்கோ."

ஓட்டோவில் தம்பி சிரித்தான். "பில்லில பிழை பிடிக்கிற ஆள், ஊசியைக் கோட்டை விட்டிட்டீங்களே அக்கா."

மூன்று நாளும் காலை உயர்த்தி ஐஸ் வைத்துப் படுத்திருந்தான். இரண்டாம் நாள் வீக்கம் சற்று ஏறியது. டொக்டருக்குக் கோல் எடுத்தேன், பொறுக்கலாம் என்றார். ஆனாலும் என் கை பக்டர் இருந்த பிரிட்ஜைத் திறந்துவிட்டது.

"மூடுங்கோ அக்கா."

மூடினேன்.

நாலாம் நாள் திருத்திய பில்லோடு போனோம். இரத்தம் எடுப்பவர் கேட்க முன்பே தம்பி கையை நீட்டினான். "மூண்டு நாள். ஒண்டும் போடேல்ல."

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து இருபத்தைந்து நிமிடம் அழுத்தினேன். நின்றது.

முடிவு வந்தபோது டொக்டர் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். பிறபொருளெதிரி இருந்தது. நான் தாளை இன்னும் வாசித்து முடிக்கவில்லை.

"அப்ப மற்ற மருந்து எப்ப தொடங்கலாம்?" என்று தம்பி கேட்டான்.