சுவீடன் யாக்கோப்பின் இடது ஓரம்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் யாக்கோப்பு என்று விசாரித்தால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்குவார்கள். சுவீடன் என்று கேட்டால் மரக்கறிக் கடைக்காரரே தெருமுனைவரை வந்து வீட்டைக் காட்டிவிட்டுப் போவார். நம்மவர்களின் வழக்கம் அப்படி. ஒருவன் எந்த நாட்டு வழியாக வந்தானோ, அந்த நாட்டையே அவனுக்குப் பெயராகக் கட்டிவிடுவார்கள். ஜெர்மன் அண்ணை, சுவிஸ் மாமா என்று அந்தத் தெருவிலேயே பாதி ஐரோப்பா குடியிருந்தது. யாக்கோப்பு சுவீடனில் இருந்தது இரண்டரை வருடம். லண்டனில் இருந்தது ஒன்பது வருடம். ஆனாலும் அவர் சுவீடன்தான். அந்தப் பெயரைக் கேட்கும்போது அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி என்பது மனைவி பியற்றிஸுக்குத் தெரியும். அதனாலேயே அவளுக்கு அந்தப் பெயரைக் கேட்கவே பிடிக்காது.

1983 கடைசியில் இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர், மரம் அறுக்கும் ஆலை ஒன்றைச் சுற்றி முளைத்த ஒரு சின்னச் சுவீடன் ஊரில் போய் விழுந்தார். பாஷை தெரியாது, குளிர் தாங்காது. பந்து மட்டும் தெரியும். ஊர்க் கழகத்தின் பயிற்சியாளர் இங்வார் அவரை இடது ஓரத்தில் நிறுத்தினார். அந்த ஓரத்தில் யாக்கோப்பு ஓடத் தொடங்கினால் பிடிக்க ஆள் இல்லை. மூன்றாம் டிவிஷன்தான், சம்பளமில்லாத ஆட்டம்தான். ஆனால் பேக்கரிக்காரி பாணை இலவசமாகக் கொடுக்கும் அளவுக்கு அங்கே அவர் பெரிய ஆள்.

85இல் சம்பந்தம் பேசி முடிந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்தது படத்தில் மட்டும். பியற்றிஸ் அப்போது லண்டனில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் கண்டிப்பானவர். தொலைபேசி ஹாலில் இருந்தது. அவள் பேசும்போதெல்லாம் பக்கத்தில் நின்று செருமுவார். அவளும் விட்டாளா? ஞாயிறு பூசைக்குப் பதிலாகச் சனி மாலைப் பூசையையே கண்டுவிட்டு, ஞாயிறு சமைக்க வேண்டும் என்று வீட்டில் தங்கிக்கொள்வாள். அண்ணன் குடும்பம் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் யாக்கோப்பு தொலைபேசி எடுப்பார். மூச்சிரைக்க, சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஏன் இப்படி இளைக்குது என்று கேட்டால், அறையிலிருந்து படியேறி வந்ததாகச் சொல்வார். அந்தக் குரலை நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

86 வசந்தத்தில் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தார். கலியாணம் நடந்தது. குரல் மட்டும் வரவில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் நின்று களைத்து வரும் மனிதரிடம் ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லுக்கு மேல் வாங்க முடியாது. மூன்றாவதாக ஒன்று உண்டு.

"இன்னும் ஒரு சீசன் நிண்டிருந்தா முதலாம் டிவிஷனுக்கு எடுத்திருப்பாங்கள்."

தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடினால் சொல்வார். பனி பெய்தால் சொல்வார். ஒன்றும் இல்லாவிட்டாலும் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு சொல்வார். உன்னால்தான் வந்தேன் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து மனதை ஆற்றியிருப்பாள். சொல்லாத பழியை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

லண்டனில் தமிழ்க் கழகங்கள் கோடைதோறும் நடத்திய போட்டிகள் எல்லாம் ஏழு பேர் ஆட்டம், அரை மைதானம். அதில் ஓரம் என்று ஒன்றே கிடையாது. நாலு எட்டு வைத்தால் கோடு வந்துவிடும். அதோடு முழங்காலும் போக, யாக்கோப்பு பயிற்சியாளர் ஆனார். ஞாயிறு காலைகளில் நீலஅலைக் கழகத்துப் பெடியங்களை வரிசையாக நிறுத்தி இடது ஓரத்தால் ஓடவிடுவார். கோல் காப்பவனையும் விடமாட்டார். கழகம் தோற்றுக்கொண்டே இருந்தது. ஆனாலும் அவரை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. கோட்டோரம் நின்று கத்தும் அந்தச் சில மணி நேரம்தான் மனிதர் உயிரோடு இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

95 மே மாதம் இங்வார் தொலைபேசியில் வந்தார். பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து லண்டன் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். உன் அணியோடு ஒரு ஆட்டம் வைக்கலாமா? யாக்கோப்பு கவுன்சிலில் சொல்லி முழு மைதானம் எடுத்தார். பதினொரு பேரைத் தேடிப் பிடித்தார். ஆட்டத்துக்கு முதல் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"பியற்றிஸ், நாளைக்கு இங்வாரிட்டை ஒண்டு கேக்கவேணும். நிண்டிருந்தா என்னை மேல எடுத்திருப்பாங்களோ எண்டு. நீர் கேளுமன்."

"நீங்களே கேளுங்கோவன். உங்களுக்குத்தானே அவையின்ர பாஷை தெரியும்."

"எனக்கு வாய் வராது. இல்லையெண்டு சொன்னா இவ்வளவு காலமும் நான் எதை நினைச்சுக்கொண்டு இருந்தனான்?"

அவளுக்குப் பொல்லாத கோபம் வந்தது. வந்த கோபம், அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் போய்விட்டது. தேர்வு முடிவு பார்க்கப் போகும் பிள்ளை மாதிரி நின்றார். அவளுக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது. ஓம் என்றால் தான் ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கெடுத்தவள். இல்லை என்றால் ஒன்பது வருடம் சும்மா கிடந்து வெந்தவள்.

"கேக்கிறன்," என்றாள்.

மறுநாள் நடந்தது நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். ஆட்டம் முடிந்த பிறகுதான் சாப்பாடு என்று யாக்கோப்பு படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கழகத்துப் பெண்கள் கேட்டால்தானே?

"கடல் தாண்டி வந்த சனத்தை வெறும் வயித்தோட ஓடவிடுறதோ? என்ன கதை இது?" என்று தலைவரின் மனைவி வசந்தமலர் சட்டிகளைத் திறந்துவிட்டார். இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. விருந்தாளி, நம் பெடியன் என்று பாராமல் தட்டு காலியாகக் காலியாக நிரப்பினார்கள். போதும் என்ற சொல்லை அந்தப் பெண்கள் காதில் வாங்கவே இல்லை. யாக்கோப்பு தலையில் கைவைத்துக்கொண்டார். விசில் ஊதியபோது சுவீடன்காரர்கள் மைதானத்தில் உலாத்தினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நின்றபடி ஆணையிடும் வழக்கமுள்ள இங்வார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோட்டோரத்து மர வாங்கில் அமர்ந்தார். பியற்றிஸ் இஞ்சித் தேத்தண்ணியோடு பக்கத்தில் போய் இருந்து, தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டே விட்டாள்.

இங்வார் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"அவனைப் பார்க்க வந்தார்கள்," என்றார். "பெரிய நகரத்துக் கழகத்திலிருந்து ஒருவர் வந்தார். அவனிடம் சொன்னால் பதறுவான் என்று நான் சொல்லவில்லை. முதல் பாதியில் அப்படி ஆடினான். வந்தவர் பேனாவை எடுத்துவிட்டார்."

"பிறகு?"

"இடைவேளைகளில் அவன் எங்களோடு இருப்பதே இல்லை. விசில் ஊதியதும் சப்பாத்தோடு அலுவலக அறைக்கு ஓடுவான். அங்கே தொலைபேசி இருந்தது. லண்டனில் ஒரு பெண் காத்திருக்கிறாள் என்பான். அந்த அழைப்புக்காகவே வெள்ளிக்கிழமைகளில் மைதானத்துப் புல்லை வெட்டிக் கொடுத்தான். மற்ற நாட்களில் நேரத்துக்குத் திரும்பிவிடுவான். அன்றைக்கு மட்டும் இரண்டாம் பாதி தொடங்கி வெகுநேரமாகியும் வரவில்லை. நானே போய்ப் பார்த்தேன். அழுதுகொண்டிருக்கிறாள், வைக்க முடியாது என்று கையால் காட்டினான். வந்தவர் வேறொருவனின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுபடி அவர்கள் வரவில்லை. அவன் இன்னும் பத்து வருடம் நின்றிருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள்."

அது எந்த ஞாயிறு என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊரில் அம்மாவுக்கு வருத்தம் கடுமை என்று செய்தி வந்த ஞாயிறு. வைக்காதேங்கோ, வைக்காதேங்கோ என்று அண்ணனின் கார் சத்தம் கேட்கும்வரை அவரை விடாமல் பிடித்து வைத்திருந்தாள். அவரும் நான் இஞ்சைதான் நிக்கிறன், அழாதேயும் என்று ஒரு அவசரமும் காட்டாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மைதானத்தில் தான் ஆடவேண்டிய ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு சொல் சொன்னாரா? படியேறி வந்ததாம், மூச்சிரைத்ததாம். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

கடைசிப் பத்து நிமிடம் யாக்கோப்பு தானே மைதானத்தில் இறங்கினார். முழங்காலை இழுத்துக்கொண்டு இடது ஓரம் முழுக்க ஒரு தடவை ஓடிப் பந்தை உள்ளே அனுப்பினார். அதை அடிக்க அங்கே ஒருவரும் இல்லை. இறைச்சிக்கறி இரண்டு பக்கத்தையும் படுக்கப் போட்டிருந்தது. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேரே அவளிடம் வந்தார்.

"கேட்டனீரோ?"

"ஓம்."

"என்னவாம்?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்திருப்பாங்களாம். இன்னும் ஒரு சீசன் நிண்டிருந்தா கட்டாயம் எடுத்திருப்பாங்களாம்."

அவர் வாங்கில் உட்கார்ந்து, சப்பாத்துக் கயிற்றை மெல்ல அவிழ்த்தார். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"அப்ப சரி," என்றார். "நான் விசரன் இல்லை."

வீடு திரும்பும் பஸ்ஸில் அவர் பேசினார். பெடியங்களைப் பற்றி, வசந்தமலரின் சட்டியைப் பற்றி, இங்வாரின் வயிற்றைப் பற்றி. மூச்சு விடாமல், சிரிக்கச் சிரிக்கப் பேசினார். ஒன்பது வருடம் அவள் ஏங்கிக் கிடந்த குரல் பக்கத்து இருக்கையில் இருந்து வந்தது. நீங்கள் எனக்காகச் சப்பாத்தோடு ஓடினீங்களாமே, எனக்காகப் புல்லு வெட்டினீங்களாமே என்று அவர் கையைப் பிடித்துக் கேட்க அவளுக்கு உயிர் துடித்தது. கேட்டால், புல்லில் தொடங்கிய கதை பேனாவில் போய்த்தான் முடியும். அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாக்கோப்பு அந்தச் சீசன் கதையை ஒருநாளும் எடுக்கவில்லை. இவ்வளவு அன்பு செய்த மனிதருக்கு அதைத் தான் அறிந்துகொண்டதாக ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குக் கடைசிவரை வழியில்லாமல் போயிற்று.