கொக்கின் கழுத்து

எங்கள் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் எப்போதும் நாலு துண்டு ஒயர் கிடக்கும். வேலை முடிந்து வரும்போது கை நிறையச் சுள்ளி. தானாக விழுந்ததைத்தான் எடுப்பார்; கிளையை ஒடிக்க மாட்டார். மொட்டைமாடியில் உட்கார்ந்து அவற்றை நாரால் கட்டி ஆமை, அணில், மீன் என்று செய்வார். ஆணி கிடையாது, பசை கிடையாது. "நான் செஞ்சதைத் தூக்கி மண்ணுல போட்டா மண்ணாயிடணும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. அக்காவுக்கு அதெல்லாம் குப்பை. பெருக்கும்போதுகூடக் கையால் தொடாமல் துடைப்பத்தால் ஒதுக்குவாள்.

எங்கள் ஊர் நூலகர் மட்டும் அந்தப் பேச்சில் மயங்கிப்போனார். நூலகத்தின் முன்கூடத்தில் வைக்க ஆளுயரக் கொக்கு ஒன்று கேட்டார். மாமாவின் கைவேலை வீட்டை விட்டு வெளியே போவது அதுதான் முதல் தடவை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

கொக்கை எடுத்துப்போக நூலகர் வரவேண்டிய நாள். மாடியில் மாமா, அக்கா, நான் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு காக்கா வந்து கொக்கின் முதுகில் உட்கார்ந்தது. நான் விரட்டப் போனேன்.

"விடும்மா, கூடு கட்டக் குச்சி தேடுது. அதுவும் நம்ம ஆளுதான்" என்றார் மாமா பெருமையாக.

காக்கா குச்சியைத் தொடவே இல்லை. கழுத்துக்குள் அலகை விட்டு எதையோ இழுத்தது. முழ நீளத்துக்குச் சிவப்பு ஒயர் வந்தது. அதைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. கொக்கின் தலை தொங்கியது. மாமாவின் தலையும்தான்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏங்க, இது எந்த மரத்துல காய்ச்சது?"

"கழுத்து நிக்கவே மாட்டேங்குதுடி. எத்தனை தடவை கட்டினாலும் சாயுது. யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் கை சட்டைப் பைக்குள் போனது. இன்னொரு ஒயரைச் செருகுவது அவருக்கு ஒரு நிமிஷ வேலை. நாங்கள் இருவரும் வாயைத் திறக்கப் போவதில்லை. அதுவும் அவருக்குத் தெரியும். கை கொஞ்ச நேரம் பையிலேயே இருந்தது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

சாயங்காலம் வரை கழுத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். நான் நார் நனைத்துக் கொடுத்தேன். இப்போது கொக்கு குனிந்து, அலகைத் தரையில் ஊன்றி இரை தேடியது. கழுத்து சாயவில்லை.

நூலகர் வந்ததும் கொக்கைச் சுற்றிவந்து பார்த்தார். "நிமிர்ந்து நிக்கும்னு சொன்னீங்களே?"

"கழுத்துக்குள்ள திருட்டுத்தனமா ஒயர் வெச்சிருந்தேன் சார். காக்கா உருவிட்டுப் போயிடுச்சு."

ஏதோ வேடிக்கைப் பேச்சு என்று நூலகர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நிஜமாத்தான் சார்" என்றார் மாமா. சிரிக்கவில்லை. கொக்கின் காலைப் பிடித்துத் தூக்கினார்.

அக்கா ஓடிவந்து தலைப்பக்கம் தாங்கிக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து அவர் செய்த ஒன்றை அவள் கையால் தொட்டது அன்றைக்குத்தான்.