வானொலியில் வேறு பெயரில் பேசியவர்

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பார்சிப்பனியில் எங்கள் அப்பார்ட்மெண்டிலிருந்து நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலைக்குப் பேருந்தும் கிடையாது. என் கணவரின் ஆபீஸ் எதிர்த்திசையில் இருந்தது. அதே தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளராக இருந்த ஒரு தமிழர் பக்கத்துத் தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்தார். "எப்படியும் நான் போற வழிதான், வந்து ஏறிக்க கண்ணு" என்று அவரே கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர். நான் பிறப்பதற்கு முன்பே அமெரிக்கா வந்தவர். எல்லோரையும் போல நானும் அவரை அங்கிள் என்றே அழைத்தேன்.

காலையில் பேசிக்கொண்டே போவோம். மாலையில் பேச்சே கிடையாது, வானொலிதான். வலதுசாரி விமர்சகர் ஒருவர் அந்த நேரத்தில் நிகழ்ச்சி நடத்துவார். வரி, அரசாங்கச் செலவு, யூனியன்கள், மெக்சிகோ எல்லை என்று வரிசையாக ஒவ்வொன்றையும் பிடித்து உலுக்குவார். கேட்பவர்களும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசலாம். அங்கிள் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் தட்டியபடி கேட்பார். இடையில் நான் வாயைத் திறந்தால் கையை மட்டும் லேசாக உயர்த்துவார்.

அவர் ரிபப்ளிகன் கட்சிக்காரர். அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். அவருடைய அப்பா கோவையில் சின்னதாக இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்று நடத்தியிருக்கிறார். இரும்புக்குப் பெர்மிட், நிலக்கரிக்குப் பெர்மிட் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தே அந்தத் தொழில் படுத்துவிட்டது.

"கவர்மெண்ட்காரன் கையில பேனா இருக்கற வரைக்கும் எவனும் உருப்பட முடியாது கண்ணு. நீ அங்க வளர்ந்தவ, உனக்கு நான் சொல்லணுமா? மார்க்கெட்ட அதுபாட்டுக்கு விட்டுடணும்" என்பார்.

அப்படிப்பட்டவரையே குழப்பிவிட்டது அந்த வணிக ஒப்பந்தம். கனடா, மெக்சிகோ, அமெரிக்கா மூன்றுக்கும் நடுவே சுங்கவரிகளை எடுத்துவிடலாம் என்று நாடே விவாதித்துக்கொண்டிருந்த சமயம் அது. அவர் கட்சியில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தை ஆதரித்தார்கள். ஆனால் அவர் நம்பிய வானொலிக்காரர், தொழிற்சாலைகளெல்லாம் எல்லையைத் தாண்டிப் போய்விடும் என்று எச்சரிக்க ஆரம்பித்தார்.

"இத்தன நாளா டிரேடு நல்லதுன்னு சொன்னவன் திடீர்னு பிளேட்ட மாத்தறான். சும்மா மாத்த மாட்டான். அவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு."

அன்றிலிருந்து தொழிற்சாலையைப் பற்றிய அவருடைய பேச்சின் சுருதியே மாறிவிட்டது. வீடுகளின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் செய்கிற இடம் அது. "பார்க்கிங் லாட்ல குழி விழுந்து எத்தன நாளாச்சு? ஏன் மூடல? வீட்டக் காலி பண்ணப் போறவன் வெள்ளையடிப்பானா?" என்று கேட்பார். மேலதிகாரி சிரித்துப் பேசினால் ஒரு சந்தேகம், முகம் கொடுக்காமல் போனால் இன்னொரு சந்தேகம். முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு நானும் அந்தக் குழிகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

என் வேலை தரக்கட்டுப்பாடு. சேர்ந்த சில மாதங்களில் எனக்கு ஒரு புதுப் பொறுப்பு கொடுத்தார்கள். பாகங்களைப் பொருத்தும் ஒவ்வொரு மேசையிலும் நடப்பதைப் படம் பிடித்து, எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது வரை எழுதித் தர வேண்டும். தரச் சான்றிதழுக்காக என்று சொன்னார்கள். நானும் நம்பினேன். கேமராவோடு போய் நின்றால் மேசைகளில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்களில் வயதான ஒருத்தி ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "இதையெல்லாம் யாருக்காக எழுதுகிறாய்? நாங்கள் இங்கேதானே இருக்கிறோம், எங்களுக்கு எதற்குப் படம்?"

சான்றிதழுக்கு என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அங்கிளின் மனைவியைப் பார்த்தேன். பிரசாதத் தட்டோடு என்னைத் தனியாக ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"உங்க கம்பெனில டெட்ராய்ட்ல யாராச்சும் சப்ளையர் இருக்காங்களா?"

"இருப்பாங்க ஆன்ட்டி. எனக்குச் சரியாத் தெரியல. ஏன்?"

"மாசம் ஒரு தடவ டெட்ராய்ட் போறேன்னுட்டுப் போறார். திரும்பி வர்றப்ப மூஞ்சி, கழுத்தெல்லாம் கறுத்துப் போயி வர்றார். இந்தப் பனில டெட்ராய்ட்ல எங்கடி அடிக்குது வெயிலு?"

ஆன்ட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அவர் கணவரோடு காரில் போய்வருகிறவள் நான். எனக்குத் தெரிந்ததை மறைக்கிறேனோ என்று அவருக்கு ஐயம் வந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அங்கிள் லீவு போட்டார். மாலையில் என் கணவர் வந்து என்னை அழைத்துக்கொண்டார். காரில் பாட்டு தேடி வானொலியைத் திருகியபோது அந்த விமர்சகரின் நிகழ்ச்சி வந்தது. "இருங்க, இதுதான் அங்கிள் கேக்கறது" என்று அவர் கையைத் தடுத்தேன்.

ஒரு நேயர் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ ஓர் அமெரிக்கப் பெயரைச் சொல்லி அவரை வானொலிக்காரர் அழைத்தார். ஆனால் குரல் அங்கிளுடையது. தொழிற்சாலையை 'பிளாண்ட்' என்று அவர் சொல்கிற விதத்தைத் தினமும் கேட்கிற எனக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை. வடக்கு ஜெர்சியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்வதாகச் சொன்னார். ஒப்பந்தத்தின் மை காயும் முன்பே தொழிற்சாலையை மெக்சிகோவுக்குத் தூக்கிக்கொண்டு போக ஏற்பாடு நடக்கிறது என்றார். அடுத்து அவர் சொன்னது எனக்கு இன்றும் வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது.

"வெளிநாட்டிலிருந்து விசாவில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அவள் எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் நம் ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

வானொலிக்காரர் ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சிரித்தபடி, "நண்பரே, உங்கள் உச்சரிப்பு எந்த ஊர்?" என்றார். "நான் இந்த நாட்டுக் குடிமகன்" என்றது அங்கிளின் குரல். "நிச்சயமாக, நிச்சயமாக" என்று வானொலிக்காரர் அடுத்த நேயருக்குப் போய்விட்டார்.

என் கணவர் காரை ஓரமாக நிறுத்தினார். "உன்னத்தான் சொல்றாரா?"

"வேற யார?"

அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "சரி, நீ எழுதறது நெஜமாவே எதுக்குன்னு யாரையாவது கேட்டியா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அடுத்த நாள் அங்கிள் எப்போதும் போல வந்து ஹாரன் அடித்தார். நானும் ஏறிக்கொண்டேன். பல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவால்ல கண்ணு" என்றார். மாலையில் வானொலி பேசிக்கொண்டிருக்க, பக்கவாட்டில் அவர் முகத்தைப் பார்த்தேன். தாடைக்குக் கீழே வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது.

எங்கள் தொழிற்சாலையிலும் யாரோ அந்த நிகழ்ச்சியைக் கேட்டிருக்க வேண்டும். அந்த வாரமே என் மேசைமேல் பென்சில் டப்பாவில் சின்ன மெக்சிகோ கொடி ஒன்று செருகியிருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. கேண்டீனில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. என் அதிகாரியிடம் போய் நேரடியாகக் கேட்டேன். "இப்போதைக்கு எந்தத் திட்டமும் இல்லை" என்றார். 'இப்போதைக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அந்த வாரமே சேர்ந்தேன்.

லைசென்ஸ் கிடைத்து, பழைய கார் ஒன்று வாங்கி, நானே வேலைக்கு ஓட்டிப் போகத் தொடங்கிய சமயத்தில் என்னை டெக்சாஸுக்கு அனுப்பினார்கள். எல்லையை ஒட்டிய எல் பாசோ நகரம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. அங்கே எங்கள் கம்பெனி ஒரு கட்டடம் எடுத்திருந்தது. இன்னும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார்கள். என் விசாவோடு பாலத்தைத் தாண்டினால் திரும்பி உள்ளே வருவதில் தகராறு வரலாம் என்று கம்பெனி வக்கீல் பயந்ததால், அந்தப் பக்கத்து மேற்பார்வையாளர்களை இந்தப் பக்கம் வரவழைத்து ஒரு கிடங்கில் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். கிடங்குச் சுவரில் நான் எடுத்த படங்கள் பெரிதாக ஒட்டப்பட்டிருந்தன. எங்கள் வயதான பெண்ணின் கைகளை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். மோதிரத்தோடு அப்படியே இருந்தன.

மேற்பார்வையாளர்களில் ஒருத்தி நன்றாக ஆங்கிலம் பேசினாள். மதிய உணவின்போது நான் இந்தியாவா என்று விசாரித்தாள். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்தது.

"உங்கள் ஆள் நலமா? கொள்முதல்காரர். அடிக்கடி இங்கே வருவாரே! எங்கள் தக்காளிச் சல்சாவில் காரம் போதாது என்று பையிலிருந்து ஏதோ சிவப்புப் பொடியை எடுத்துத் தூவிக்கொள்வார். இந்தப் பக்கத்தில் எங்களுக்குத் தகடு, கம்பி எல்லாம் எங்கே கிடைக்கும் என்று தேடிப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் அப்படியே வைத்துவிட்டேன். ஆன்ட்டி தேடிய வெயில் அந்தக் கிடங்கின் கதவுக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் என் கார் பட்டறையில் இருப்பதாகப் பொய் சொல்லி அங்கிளின் காரில் ஏறினேன். அவர் வானொலியைப் போட்டார். நான் அதை அணைத்தேன்.

"எல் பாசோ போயிருந்தேன் அங்கிள்."

அவர் சாலையைப் பார்த்தபடியே இருந்தார். "வெயிலு ஜாஸ்தியா?" என்றார்.

"ரேடியோல பேசினதக் கேட்டேன்."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "வாயத் தொறந்தா வேல போயிடும்னு கையெழுத்து வாங்கிட்டாங்க கண்ணு. வீட்டுல கூடச் சொல்லல. எங்கியாச்சும் சொல்லலன்னா மண்ட வெடிச்சிரும் போல இருந்துச்சு."

"அதுக்கு என்னையா சொல்லணும்?"

"பர்ச்சேஸ் மேனேஜர்தான் பண்றான்னு சொன்னா அன்னைக்கே என்னக் கண்டுபுடிச்சிருப்பாங்க."

"என்னக் கண்டுபுடிச்சா பரவால்லியா? கொடி வச்சாங்க என் மேசைல. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார். பிறகு, "நீ சின்னப் பொண்ணு. வேற எடம் கெடச்சிரும்னு நெனச்சேன்" என்றார்.

"இந்தக் கம்பெனி குடுத்த விசாவ வச்சுக்கிட்டா அங்கிள்?"

அவர் எங்கள் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "ஆனா சொன்னது பொய் இல்லியே" என்றார். அது பொய் இல்லைதான். நான் எழுதினேன், அவர் சப்ளையர் தேடினார். இருவரில் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாமலிருந்தது என்று அவர் நம்பினாரா என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு கேண்டீனில் எல்லோரையும் கூட்டி மூடுவிழாவை அறிவித்தார்கள். பெண்களில் யாரும் அழவில்லை. அவர்களுக்கு முன்பே தெரியும். அந்த வயதான பெண் என்னைக் கடந்து போகும்போது தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டுப் போனாள். அது ஆறுதலா, வேறு ஏதாவதா என்று பல நாள் யோசித்தேன். அங்கிளுக்கு எல் பாசோவில் பெரிய பதவி கிடைத்தது. வீட்டை விற்றுவிட்டு ஆன்ட்டியோடு போய்விட்டார். எனக்குக் கிடைத்தது கைகுலுக்கலும், பாதியில் நின்ற கிரீன் கார்டு விண்ணப்பமும்தான். என் கணவரின் நண்பர் மூலமாக நாட்டின் மேற்குக் கரையில், சன்னிவேலில் மென்பொருள் சோதிக்கும் வேலை கிடைத்தது. புதிய கம்பெனி மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பித்தது.

சில ஆண்டுகள் கழித்து, சன்னிவேலைச் சுற்றிய பே ஏரியாவில் கம்பெனிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கிளும் ஆன்ட்டியும் மகனைப் பார்க்க வந்தார்கள். எல் கமினோ சாலையில் ஓர் உணவகத்தில் சந்தித்தோம். அங்கிள் கறுத்து, மெலிந்திருந்தார். ஒப்பந்தம் நல்லதுதான் என்று இப்போது மறுபடியும் சொன்னார். விலை குறைந்ததாம், இரண்டு பக்கமும் நாலு பேர் பிழைக்கிறார்களாம். இந்தியாவும் அப்படிக் கதவைத் திறந்துவிட்டதால்தான் என்னைப் போன்றவர்கள் இங்கே வர முடிந்தது என்றார். நான் தோசையைப் பிய்த்துக்கொண்டு கேட்டேன்.

ஆன்ட்டி கை கழுவப் போனார். அங்கிள் முன்னால் சாய்ந்தார்.

"என் மேல இன்னும் கோவமா கண்ணு?"

"இல்ல அங்கிள்."

அவர் என் முகத்தை நிதானமாக ஆராய்ந்தார். ஒரு சப்ளையர் சொன்ன விலையைக் கேட்டுக்கொள்கிற மாதிரி.

"நெஜமாத்தான சொல்ற?"

"நெஜமாத்தான்."

"சரி" என்றார். நம்பவில்லை என்பது தெரிந்தது. நான் சொன்னது உண்மைதானா என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அதற்குள் ஆன்ட்டி வந்துவிட்டார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன பேசிட்டிருந்தீங்க, நான் வந்ததும் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.