குட்டை உத்தரத்தின் கணக்கு

ஈரம் சொட்டும் பூட்ஸுடன் ஃபோர்மேன் என் மேசைக்கு முன் வந்து நின்ற காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளின் தொடக்கம். கோலார் தங்க வயலில், சுரங்கத்தின் வடிவமைப்பு அலுவலகத்தில் நான் இளநிலைப் பொறியாளர். பெண்கள் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறங்கச் சட்டம் இடம் தராத காலம். கீழே என் கண்கள் அவர்தான். சுரங்கத்துத் தண்ணீரை வெளியேற்றும் புதிய பம்பைத் தாங்கும் இரும்பு உத்தரம் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டு வந்திருந்தார். என் கணக்கு சொன்னதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

மேலதிகாரிக்கு இரண்டே காரணங்கள் தெரிந்தன. உத்தரத்தில் விரிசல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபோர்மேன் தப்பாக அளந்திருக்க வேண்டும். விரிசல் என்றால் பம்பை நிறுத்த வேண்டும். சுரங்கத்தின் கீழ்த் தளங்களில் தண்ணீர் ஏறிவிடும், அங்கே வேலை பார்ப்பவர்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அளவு தப்பு என்றால் ஃபோர்மேன்மீது நடவடிக்கை. ஒரு வாரத்தில் பதில் வேண்டும் என்றார். ஃபோர்மேன் அவரிடம் வாதாடவில்லை. வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னார்:

"மூணு வாட்டி அளந்தேம்மா. இரும்பைத் தட்டியும் பாத்தேன், சத்தம் சுத்தமா இருக்குது, விரிசல் கிடையாது. உங்க கணக்கையும் ஒருவாட்டி தட்டிப் பாருங்களேன்."

முதலில் கோபம்தான் வந்தது. உத்தரத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எப்படி வளையும் என்று பார்த்து ஒன்றுசேர்ப்பது என் முறை. நீண்டு மெலிந்த உத்தரங்களில் அது பொய்த்ததேயில்லை. ஆனால் இது குட்டையானது, உயரம் அதிகம். அதனாலோ என்ற யோசனை வந்ததும் கோபம் போய்விட்டது. அதைச் சொன்னதும், அன்று மாலை பட்டறையில் ஃபோர்மேன் ஒரு தடித்த ரப்பர் கட்டையின் பக்கத்தில் சாக்பீஸால் மேலிருந்து கீழாக நேர்க் கோடுகள் போட்டு, இரு முனைகளையும் தாங்கவைத்து நடுவில் அழுத்தினார். கட்டை வளையும்போதும் அந்தக் கோடுகள் நேராக, வளைவுக்குச் செங்குத்தாகவே நிற்கும் என்பது என் கணக்கின் அஸ்திவாரம். அவை சாய்ந்தன. உற்றுப் பார்த்தால் லேசாக நெளியவும் செய்தன. இதற்குக் கணக்கில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

சாய்வையும் நெளிவையும் தனித்தனி அளவுகளாகச் சேர்த்து ஒவ்வொரு துண்டின் சமன்பாட்டையும் புதிதாக எழுதினேன். அந்நாள் கணினி படிக்கும் துளையிட்ட அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் பெங்களூர் போய்க் கணினியில் கொடுத்தேன். முதல் விடை பழையதைவிட மோசம். ஓரிடத்தில் கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டிருந்தேன். மறுநாள் திரும்பவும் போனேன். இம்முறை அவர் அளவுக்கும் என் விடைக்கும் மயிரிழைதான் வித்தியாசம். உத்தரம் பழுதில்லை, அதன் இயல்பே அவ்வளவு தொய்வது. மேலதிகாரி வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். ஃபோர்மேனிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

இன்று இந்தக் கணக்கைக் கணினி நொடியில் போட்டுத் தருகிறது. எதை விட்டுவிட்டோம் என்று மட்டும் அது கேட்பதில்லை. ஃபோர்மேன் கேட்டார். அன்று கணினி அச்சிட்டுத் தந்த தாளைப் பார்த்துவிட்டு, "இன்னும் இன்னா விட்டிருக்கீங்க?" என்றார். யோசித்துப் பார்த்து, உத்தரத்தின் முனைகள் உட்கார்ந்திருக்கும் பாறை அசையாது என்று வைத்துக்கொண்டதைச் சொன்னேன். சிரித்தார்.

"கீழ பாறை வெடிச்சா மேல வீடே ஆடுற இந்த ஊர்ல பாறை அசையாதுன்னு யாரும்மா சொன்னாங்க? நாளைக்கு அதையும் அளந்துட்டு வரேன்."